வேரில் வாழும் நுண்ணுயிரிகளும் மூலிகையின் மருந்துச் சத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலிகை பயிரிடுகிறவர்கள், சித்த மருத்துவ மாணவர்கள், மாடியில் துளசி வளர்க்கிறவர்கள் எனப் பல பக்கமிருந்தும் வருகிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

வேரில் இருக்கிற நுண்ணுயிரி மருந்துச் சத்தை உண்மையிலேயே மாற்றுமா? இல்லை, உயிர் உரம் விற்பவர்கள் கிளப்பிவிட்ட பேச்சா?

உண்மையும் இருக்கிறது, கிளப்பிவிட்ட பேச்சும் இருக்கிறது. முதலில் உண்மை. அதற்கு வெட்டிவேரை விடத் தெளிவான சாட்சி கிடையாது.

வெட்டிவேரின் மணம் அதன் வேரிலுள்ள எண்ணெயால் வருவது. பாக்டீரியாவும் பூஞ்சையும் இல்லாதபடி திசு வளர்ப்பில் சுத்தப்படுத்திய வெட்டிவேர்ச் செடிகளையும் சாதாரணச் செடிகளையும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2008ல் ஒப்பிட்டார்கள். சாதாரண வேரில் வழக்கமான எண்ணெய் இருந்தது. சுத்தப்படுத்திய வேரில் கிடைத்தது சொட்டுக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் மெழுகு போன்ற நீள்சங்கிலிச் சேர்மங்கள். அதே ஆண்டு இத்தாலியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. வேரின் புறணியில் எண்ணெய் உருவாகும் செல்கள் இருக்கிற இடத்திலேயே பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து வெட்டிவேர் எண்ணெயை மட்டும் உணவாகக் கொடுத்தபோது, அதைத் தின்று வளர்ந்ததோடு அதிலுள்ள சேர்மங்களை வேறு சேர்மங்களாக மாற்றவும் செய்தன. மூலப்பொருளைச் செடி கொடுக்கிறது, உள்ளே இருப்பவை அதில் கைவைக்கின்றன.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். திசு வளர்ப்பு வேர் இளசாகவும் மெலிதாகவும் இருக்கும். எண்ணெய் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முழுப் பழியையும் நுண்ணுயிரி இல்லாததன் மேல் போட்டுவிட முடியாது.

எந்த நுண்ணுயிரிகளைச் சொல்கிறீர்கள்?

மூன்று கூட்டம். வேரைச் சுற்றி ஒட்டியிருக்கிற மண்ணில் வாழ்பவை முதலாவது. வேரின் கசிவால் வளம் பெறுகிற இந்த மண் வட்டத்துக்குத் தனிப் பெயர் கொடுத்து ஆராய்ந்தவர் ஜெர்மானியரான லோரன்ஸ் ஹில்ட்னர், 1904ல். சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்கிற பாக்டீரியாக்கள் எல்லாம் இந்த வட்டத்தைச் சேர்ந்தவை.

இரண்டாவது, வேம் என்று நம் விவசாயிகள் சொல்கிற வேர் உட்பூசணம் என்ற பூஞ்சை. பாதி உடம்பு வேருக்குள், பாதி மண்ணில். வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இழுத்து வந்து கொடுக்கும். கூலியாகச் செடி தயாரிக்கிற கார்பனில் 4 முதல் 20 விழுக்காடு வரை வாங்கிக்கொள்ளும். இந்த உறவு இன்று நேற்று வந்ததல்ல. ஸ்காட்லாந்தில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான தாவரப் புதைபடிவத்திலேயே இந்தப் பூஞ்சையின் தடம் இருக்கிறது.

மூன்றாவது, நோய் எதுவும் உண்டாக்காமல் செடியின் திசுக்களுக்குள்ளேயே வாழ்கிற உள்வாழிகள். வெட்டிவேர் பாக்டீரியா இந்தக் கூட்டம்தான்.

வேரில் இருக்கிற பூஞ்சை இலையிலுள்ள சத்தை எப்படி மாற்றும்?

செய்தி போகிறது. வேரில் ஒரு விருந்தாளி நுழைந்ததும் செடியின் பாதுகாப்பு ஏற்பாடு லேசாக விழித்துக்கொள்கிறது. ஜாஸ்மோனிக் அமிலம் போன்ற ஹார்மோன்களின் அளவு உடல் முழுக்க மாறுகிறது. நாம் மருந்து என்று எடுத்துக்கொள்கிற பெரும்பாலான சேர்மங்கள், பூச்சியையும் கிருமியையும் விரட்டச் செடி தனக்காகச் செய்து வைத்துக்கொண்டவைதானே. அந்தத் தயாரிப்பு கூடுகிறது.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினை எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கண்டறிந்ததற்காகத்தான் சீனாவின் து யூயூவுக்கு 2015ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆர்ட்டிமிசியா அன்னுவா செடியின் இலை மேல் இருக்கிற நுண்ணிய சுரப்பி மயிர்களில் இது சேர்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேரில் உட்பூசணம் சேர்த்து வளர்த்தபோது இலையில் அந்த மயிர்கள் அடர்ந்தன, ஆர்ட்டிமிசினினும் கூடியது. பிறகு நடந்த ஆய்வில் ஜாஸ்மோனிக் அமிலம் உயர்ந்திருப்பதும், ஆர்ட்டிமிசினின் தயாரிக்கும் மரபணுக்கள் அதிகமாக வேலை செய்வதும் தெரிந்தது. சேமிக்கிற இடமும் பெருகியது, தயாரிப்பும் பெருகியது.

அப்படியானால் இது உரம் போட்டால் கிடைக்கிற பலன்தானே? டி.ஏ.பி. என்கிற மணிச்சத்து உரம் போட்டாலே போதாதா?

நியாயமான சந்தேகம். பூஞ்சை மணிச்சத்தைக் கொண்டுவந்து தருகிறது. மணிச்சத்து கிடைத்த செடி நன்றாக வளரும், நன்றாக வளர்ந்த செடியில் சத்தும் கூடும். இதில் பூஞ்சைக்கென்று தனிப் பெருமை என்ன?

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தினர் 2007ல் வெளியிட்ட ஆய்வு இதற்காகவே அமைந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட செடி திருநீற்றுப்பச்சிலை. ஒரு பகுதிச் செடிகளுக்கு உட்பூசணம். மற்றவற்றுக்குப் பூஞ்சை கிடையாது, மணிச்சத்து உரம் உண்டு. இரு பக்கமும் மணிச்சத்து நிலை சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். அப்போதும் பூஞ்சை சேர்ந்த செடியின் தண்டு, இலைப் பகுதியில் ரோஸ்மரினிக் அமிலமும் காஃபியிக் அமிலமும் கூடுதலாக இருந்தன. ஆக, சத்து கூடியதை உரக்கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

இன்னொன்று. இரசாயன மணிச்சத்தை அள்ளிப் போட்டால் செடி பூஞ்சையை அண்டவே விடாது. பூஞ்சையை வரவேற்க வேர் கசிய விடுகிற ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற சேர்மத்தையே குறைத்துக்கொள்ளும். வேமும் வாங்கிப் போட்டு டி.ஏ.பி.யும் மூட்டை மூட்டையாகப் போடுகிறவர்கள் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறார்கள்.

எந்தப் பூஞ்சை போட்டாலும் ஒரே பலன்தானா?

இல்லை. கடைக்காரர்கள் மழுப்புகிற இடம் இதுதான். அதே திருநீற்றுப்பச்சிலையில் இத்தாலியர்கள் மூன்று உட்பூசண வகைகளைத் தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்து 2006ல் வெளியிட்டார்கள். எண்ணெயின் அளவும் அதிலிருந்த சேர்மங்களின் விகிதமும் பூஞ்சைக்குப் பூஞ்சை வேறுபட்டன. செடி ஒன்று, மண் ஒன்று, வேரில் குடியேறியது மட்டும் வேறு. வாசனையும் வேறு.

சேலம் பக்கம் மருந்துக்கூர்க்கன் போட்டிருக்கிறோம். வேரழுகல்தான் பெரிய தொல்லை. இதில் நுண்ணுயிரி எதற்காவது உதவுமா?

உதவும். இந்தப் பயிரில்தான் நம் நாட்டு வயல்களிலேயே செய்த ஆய்வுகள் இருக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருந்துக்கூர்க்கனின் கிழங்கு வேரில் ஃபோர்ஸ்கோலின் என்ற மருந்துச் சேர்மம் இருக்கிறது. 1970களில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் பம்பாய் ஆய்வகமும் இதைத் தனித்தனியே பிரித்தெடுத்தன. வேரைக் குறுக்கே வெட்டினால் வெளிவிளிம்பில் தக்கைத் திசு இருக்கும். அந்தத் தக்கைச் செல்களுக்குள் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகளில்தான் ஃபோர்ஸ்கோலின் சேர்ந்து கிடக்கிறது. அழுகல் முதலில் கைவைப்பதும் வேரின் வெளிப்புறத்தில்தான். வேர் போனால் எடையும் போயிற்று, மருந்தும் போயிற்று.

அழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் ஃப்யூசேரியம் கிளாமிடோஸ்போரம் என்ற பூஞ்சை. வாடலுக்கு ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. சிமாப் எனப்படும் மத்திய மருந்து, நறுமணத் தாவர நிறுவனத்தினர் இயற்கை முறை வயலில் ஓர் உட்பூசணத்தையும் நன்மை செய்யும் ஒரு சூடோமோனாஸையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013ல் வெளிவந்த அந்த ஆய்வில் வேர்நோய் குறைந்தது, மகசூல் கூடியது, ஃபோர்ஸ்கோலின் அளவும் கூடியது. மூன்றும் ஒரே வயலில் நடந்தது அபூர்வம்.

அடுத்து வந்த செய்தி இன்னும் சுவையானது. அதே நிறுவனத்தினர் 2019ல், மருந்துக்கூர்க்கனுக்குள்ளேயே வாழ்கிற மூன்று பூஞ்சைகளைப் பிரித்தெடுத்துத் திரும்பச் செடிக்குக் கொடுத்தார்கள். ஃபோர்ஸ்கோலின் தயாரிக்கும் மரபணுக்கள் முடுக்கப்பட்டு வேரில் அதன் அளவு உயர்ந்தது. அந்த மூன்றில் ஒன்றின் பெயர் ஃப்யூசேரியம் ரெடோலென்ஸ். ஆம், வேரை அழுக்குகிற அதே ஃப்யூசேரியம் குடும்பம்தான். பேரைக் கேட்டதும் விஷம் என்று முடிவு கட்டாதீர்கள். அதற்காக வயலில் கிடக்கிற ஃப்யூசேரியமெல்லாம் நண்பன் என்றும் நினைத்துவிடாதீர்கள். இன்னின்ன வகை என்பதுதான் கணக்கு.

நடைமுறைக்கு வந்தால், நுனித்தண்டை வேர்விட வைக்கிற நாற்றங்கால் கட்டத்திலேயே வேமும் சூடோமோனாஸும் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். அழுகல் கண்ணில் பட்ட பிறகு ஊற்றினால் பலன் குறைவு. அழுகலுக்குக் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால் அது உட்பூசணத்தையும் ஒடுக்கிவிடும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

நுண்ணுயிரி போட்ட பிறகு மகசூல் கூடியது, ஆனால் பரிசோதனையில் சத்து விழுக்காடு குறைந்துவிட்டது. ஏன்?

வேர் பருத்த வேகத்துக்குச் சத்துத் தயாரிப்பு ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முதல் செடியில் காய்ந்த வேர் 100 கிராம், சத்து 0.5 விழுக்காடு என்றால் மொத்தம் 500 மில்லிகிராம். இரண்டாவது செடியில் 150 கிராம், 0.4 விழுக்காடு என்றால் 600 மில்லிகிராம். விழுக்காட்டில் தோற்றது மொத்தத்தில் ஜெயிக்கிறது.

யாருக்கு லாபம் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எடைக்குக் காசு என்றால் விவசாயிக்கு இரண்டாவது செடி. வாங்குகிற நிறுவனத்துக்கோ, சத்து பிரிக்கிற செலவு வேரின் எடைக்கு ஏற்றபடி கூடும் என்பதால், விழுக்காடு உயர்ந்த சரக்கு வேண்டும். ஆய்வுக் கட்டுரையானாலும் விளம்பரத் தாளானாலும் ‘சத்து கூடியது’ என்று படித்தால், கிராமுக்கா செடிக்கா என்று முதலில் கேளுங்கள். பாதி அதிசயங்கள் அங்கேயே கரைந்துவிடும்.

மருந்தைச் செடி செய்கிறதா, நுண்ணுயிரியே செய்கிறதா?

பெரும்பாலும் செடிதான். நுண்ணுயிரி தூண்டிவிடுகிறது அல்லது கிடைத்ததைத் திருத்துகிறது. விதிவிலக்கு உண்டு. மேட்டான்சின் என்ற புற்றுநோய் எதிர்ப்புச் சேர்மம் 1972ல் எத்தியோப்பியத் தாவரம் ஒன்றிலிருந்து கிடைத்தது. ஆனால் அதன் மூலக்கூறு பாக்டீரியாக்கள் செய்கிற வகையைச் சேர்ந்ததாக இருந்தது. இதைச் செடி எப்படிச் செய்யும் என்று வெகுகாலம் குழப்பம். பிறகு, அதே சேர்மம் உள்ள தென்னாப்பிரிக்கப் புட்டர்லிக்கியாச் செடிகளின் வேரில் வாழ்கிற பாக்டீரியாக் கூட்டமே அதைத் தயாரிப்பதாக ஜெர்மனியில் நடந்த ஆய்வுகள் காட்டின. இன்று மார்பகப் புற்றுநோய்க்குத் தருகிற ஒரு மருந்தில் மேட்டான்சினின் வழிவந்த மூலக்கூறு இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதை டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்துடையது. ஊசியிலை மரமான யூவில் வாழ்கிற பூஞ்சை தனியாகவே டாக்ஸால் செய்கிறது என்று 1993ல் அறிவித்தபோது பெரிய பரபரப்பு. இனி மரம் வெட்ட வேண்டாம், பீப்பாயில் மருந்து காய்ச்சலாம் என்றார்கள். இருபது ஆண்டு கழித்து அதே பூஞ்சையை மறுபடி சோதித்தவர்கள், அது தனித்து டாக்ஸால் செய்வதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கேம்ப்டோதெசின் என்ற இன்னொரு புற்றுநோய் எதிர்ப்புச் சேர்மத்திலும் இதே தலைவலி. சீனத்து மரமொன்றிலிருந்து எடுத்த பூஞ்சை ஆய்வகத்தில் வளர வளரத் தயாரிப்பைக் குறைத்துக்கொண்டே போனது. தயாரிப்பில் ஒரு முக்கிய நொதி அதனிடம் இல்லை, மரத்திடமிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. செடியை விட்டு வந்தால் வேலை நடக்கவில்லை. ‘பூஞ்சையே மருந்து செய்யும்’ என்கிற செய்திகளைப் பத்து வருடம் ஊறப்போட்டுப் படிப்பது நல்லது.

சத்து கூடுவது எப்போதும் நல்லதுதானே?

கூடுகிற சேர்மம் எது என்பதைப் பொறுத்தது. கிலுகிலுப்பை இனத்தைப் பாருங்கள். நாம் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சணப்பையும் இதே இனம். இந்த இனச் செடிகளில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சு ஆல்கலாய்டுகள் உண்டு. அவற்றில் ஒரு வகையை ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2015ல் வெளியிட்டார்கள். வேரில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சு உள்ள செடியில்தான் நஞ்சு இருந்தது. முடிச்சு இல்லாத செடியில் இல்லை. நஞ்சைத் தொடங்கி வைக்கிற நொதி செடியுடையதுதான், ஆனால் அந்த மரபணு முடிச்சுக்குள் மட்டுமே விழிக்கிறது. அங்கே தொடங்கிய சரக்கு இலைக்கும் விதைக்கும் போய்ச் சேர்கிறது. தழைச்சத்துக்காக (நைட்ரஜன்) குடிவைத்த பாக்டீரியாவோடு நஞ்சும் கூடவே வந்துவிடுகிறது.

மருந்துச் செடியிலும் இந்த எச்சரிக்கை செல்லும். கண்வலிக்கிழங்கின் கோல்ச்சிசின் போல அளவு தப்பினால் ஆளைக் கொல்கிற சேர்மங்களில், இந்தப் போகம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் கூடியதே என்று மகிழக் கூடாது.

நித்தியகல்யாணி மானாவாரியில் போடுகிறோம். வறட்சியில் ஏதாவது பயன் உண்டா?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். தண்ணீரைக் குறைத்து வளர்த்த நித்தியகல்யாணிக்கு சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் கொடுத்தபோது செடியின் எடையும் வேரில் அஜ்மலிசின் என்ற மருந்துச் சேர்மமும் கூடின. 2007ல் வெளிவந்தது. பொதுவாக வறட்சியில் சத்து விழுக்காடு ஏறும், மகசூல் இறங்கும். மகசூலும் இறங்காமல் பார்த்துக்கொண்டதுதான் இதில் முக்கியம். தொட்டியில் கண்டது வயலில் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்காமல், முதலில் நாலு பாத்தியில் போட்டுப் பாருங்கள்.

காட்டில் பறித்த மூலிகைக்குத்தான் வீரியம் என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தானா?

ஓரளவு இருக்கலாம். காட்டு மண்ணில் நுண்ணுயிரி வகைகள் அதிகம், உரம் குறைவு, செடிக்குச் சோதனையும் அதிகம். ஆனால் வயதும் சேர்ந்து வருகிறது. காட்டு வேர் பல வருடம் பழுத்தது, வயல் வேர் ஆறு மாதத்தில் தோண்டியது. மரபும் சேர்ந்து வருகிறது. வட இந்தியக் காட்டு வெட்டிவேர் எண்ணெய் மற்ற ஊர் எண்ணெயிலிருந்து வேறுபடுவதற்கு முதல் காரணம் மரபுதான். எல்லாப் பெருமையையும் மண்ணுக்குக் கொடுப்பது பிறவற்றை மறைத்துவிடும்.

எதை வாங்குவது, எப்படிப் போடுவது?

பாக்டீரியா உயிர் உரம் பொடியாக வந்தால் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவு. காலாவதித் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள். வெயில் அடிக்கிற கடை வாசலில் அடுக்கி வைத்ததைத் தொடவே வேண்டாம்.

வேமைப் பாக்டீரியா போலப் பாட்டிலில் பெருக்க முடியாது. உயிருள்ள வேர் வேண்டும். அதனால்தான் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளில் மக்காச்சோளம் வளர்த்து, அந்த வேரையும் ஊடகத்தையும் சேர்த்துத் தருகிறார்கள். இது வேரைத் தொட வேண்டும். இலையில் தெளிப்பது வீண் செலவு. விதைக்குக் கீழேயோ நாற்றின் வேரடியிலோ வையுங்கள். ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் கண்டெடுத்த செரண்டிபிட்டா இண்டிகா என்ற வேர்ப்பூஞ்சை மட்டும் செடி இல்லாமலே ஆய்வக ஊடகத்தில் வளரக்கூடியது. பழைய பெயர் பிரிபார்மோஸ்போரா இண்டிகா.

கடுகு, முட்டைக்கோசு குடும்பச் செடிகளோடு உட்பூசணம் சேராது. அங்கே செலவு செய்ய வேண்டாம்.

மாடித்தோட்டத்தில் தேங்காய் நார்க்கழிவில் வளர்க்கும் துளசிக்கும் இது பொருந்துமா?

வயல் மண்ணை விட அங்கேதான் அதிகம் பொருந்தும். வயல் மண்ணில் உள்ளூர் உட்பூசணம் ஏற்கெனவே இருக்கும், நீங்கள் போடுவது அதோடு போட்டி போட வேண்டும். நார்க்கழிவில் அது அநேகமாக இருக்காது. ஒரு பிடி வேம், கொஞ்சம் மக்கிய தொழுவுரம், மணிச்சத்து உரம் குறைவாக. போதும்.

பூஞ்சை வேரில் சேர்ந்ததா என்று நாமே பார்க்க முடியுமா?

கல்லூரி நுண்ணோக்கி கிடைத்தால் பார்க்கலாம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய இளவேர்களைக் கழுவி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேரின் நிறம் போகும் வரை கொதிக்க வையுங்கள். கையுறை கட்டாயம், இது தோலைப் பொத்துவிடும். பிறகு நன்றாக அலசி, வினிகரில் கொஞ்சம் கறுப்புப் பேனா மை கலந்த கரைசலில் மூன்று நிமிடம் கொதிக்க விட்டு, வினிகர் சில சொட்டு விட்ட தண்ணீரில் அரை மணி ஊற வைத்தால் மிச்ச மை வெளியேறிவிடும். எல்லாப் பேனா மையும் பூஞ்சையில் பிடிக்காது, இரண்டு மூன்று பிராண்டு மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்த்தால், வேர்ச் செல்களுக்கு நடுவே கருநீல இழைகள் ஓடும். சில செல்களுக்குள் குட்டி மரம் போலக் கிளை பிரிந்த உருவம் நிறைந்திருக்கும். மணிச்சத்து கைமாறும் இடம் அதுதான். உருண்டையாகத் தெரிபவை பூஞ்சையின் கொழுப்புச் சேமிப்பு. ஒரே ஒரு வேரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தாறு செடிகளிலிருந்து எடுத்து, எத்தனை துண்டுகளில் இழை தெரிகிறது என்று எண்ணுங்கள். வேம் போடாத செடியின் வேரையும் அதே நாளில் அதே மையில் சாயமேற்றிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். போடாத செடியிலும் அதே அளவு இழை இருந்தால் உங்கள் மண்ணிலேயே சரக்கு இருக்கிறது, பாக்கெட் வாங்க வேண்டியதில்லை.